உறுதி முடிக்கிற திகதி போயிட்டுது, விற்கிற பக்கம் இழுத்தடிக்குது: என்ன செய்யலாம்?

கோண்டாவில்_வடக்கு:

வணக்கம். கொக்குவில் பக்கம் 3 பரப்புக் காணியும் பழைய கல்வீடும் விலை பேசி முற்பணமும் குடுத்தாச்சு. தாயின்ரை சீதனக் காணி. தாய் இப்ப இல்லை. விற்கிறது பிள்ளையள் ரெண்டு பேர், தமையன் இஞ்சை, தங்கச்சி கனடாவிலை. மூண்டு மாதத்திலை உறுதி (விற்பனைப் பத்திரம்) முடிக்கிறதெண்டு கதை. அந்தத் திகதி போயிட்டுது. முதலிலை தங்கச்சிக்குப் பதிலா இஞ்சை ஒருத்தர் கையெழுத்து வைக்க அதிகாரம் குடுக்கிற அற்றோணித் தத்துவம் வருதெண்டினம், பிறகு சேவையர் வரேல்லையெண்டினம், இப்ப தமையனுக்கு அடிச்சாலும் தரகர்தான் கதைக்கிறார். வங்கிக் கடன் ஒப்புதல் அடுத்த மாதக் கடைசியோடை முடியுது. இன்னொரு பத்து இலட்சம் குடுத்தால் அலுவல் கெதியா நடக்கும் எண்டு தரகர் சொல்லுறார். வீடு பிடிச்ச வீடு, விட மனமில்லை. அலுவல் தெரிஞ்ச ஆக்கள் ஒழுங்கு முறையாச் சொல்லுங்கோ.

தோம்புக்காரன்:

அந்தப் பத்து இலட்சத்தைக் குடுக்காதேங்கோ. காசு கூடப் போகப் போக வாங்கிறவருக்குத்தான் பதட்டம் கூடும், விற்கிறவைக்கு அவசரம் குறையும். எதுக்கு அந்தக் காசெண்டு எழுத்திலை கேளுங்கோ. சோலை வரி (உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டுற வீட்டு வரி) நிலுவை, சேவையர் கூலி எண்டு ஏதும் சொன்னால் அந்தந்த இடத்திலை நீங்களே கட்டி, பற்றுச்சீட்டை வைச்சு விலையிலை கழிக்கலாம். தரகரின்ரை கையிலை வேண்டாம்.

அடுத்தது, எங்கடை பக்கம் ஒரு உறுதி முடியாமல் நிக்குதெண்டால் அனேகமா ஆரோ ஒருத்தரின்ரை கையெழுத்துக் கிடைக்கேல்லை எண்டுதான் அர்த்தம். சேவையர், மழை, கோயில் திருவிழா எல்லாம் சாட்டு. ஆற்றை கையெழுத்தெண்டு கண்டுபிடியுங்கோ, மிச்சம் தானா விளங்கும்.

சீதன உறுதியின்ரை இலக்கம், திகதி, எழுதின நொத்தாரிசின்ரை பேர் மூண்டையும் எடுத்துக்கொண்டு காணிப் பதிவகத்திலை தோம்பு (காணியின்ரை பதிவுகளின்ரை பிரதி) எடுப்பியுங்கோ. குறைஞ்சது 30 வருசத்துக்குப் பின்னோக்கிப் பாக்கவேணும். ஈடு (அடமானம்) இருக்கோ, வழக்குப் பதிவு இருக்கோ, ஆருக்கும் சீவிய உரித்து (உயிரோடை இருக்கும் வரைக்கும் அனுபவிக்கிற உரிமை) இருக்கோ, வேறை ஆரோடையும் விற்பனை உடன்படிக்கை பதிஞ்சிருக்கோ எண்டு ஒவ்வொரு பதிவாப் பாருங்கோ. விற்கிறவை தந்த பழைய தோம்பை நம்பி இருக்கக்கூடாது. அது எடுத்த நாளுக்குப் பிறகு என்னவும் பதிஞ்சிருக்கலாம்.

தோம்பிலை வராத கேள்விதான் முக்கியம்: தாய் இறந்த பிறகு காணி எப்பிடி இந்த ரெண்டு பேருக்கும் வந்தது? மரணசாசன வழக்கு (இறந்தவரின்ரை சொத்தை உரித்தாளியளுக்கு மாத்திற வழக்கு) போட்டிருந்தால் மாவட்ட நீதிமன்ற வழக்கு இலக்கத்தைக் கேளுங்கோ. இன்னும் போடேல்லையெண்டால் உங்கடை மூண்டு மாதம் எப்பவோ நடக்காத கணக்கு. தாயின்ரை இறப்புச் சான்றிதழ், பிள்ளையள் எல்லாரின்ரையும் பிறப்புச் சான்றிதழ், தகப்பன் இருக்கிறாரோ எண்ட விபரம், இவ்வளவும் வேணும். ரெண்டு பிள்ளையள்தானோ எண்டதையும் விதானையாரிட்டை (கிராம அலுவலரிட்டை) விசாரியுங்கோ. இறந்துபோன ஒரு பிள்ளையின்ரை பிள்ளையளுக்கும் பங்கு இருக்கு, அதை ஆரும் நினைச்சுப் பாக்கிறேல்லை.

சுழிபுரம்_மேற்கு:

அற்றோணித் தத்துவம் வருதெண்டால், கூரியர் இலக்கத்தைக் கேளுங்கோ. அனுப்பியிருந்தால் இலக்கம் இருக்கும். இலக்கம் இல்லையெண்டால் அனுப்பேல்லை.

இதிலை வழமையாப் பிழைக்கிற இடங்களைச் சொல்லுறன். வாட்ஸப்பிலை வந்த படப்பிரதியாலை ஒரு பிரயோசனமும் இல்லை, கையெழுத்திட்ட மூலப்பிரதி இஞ்சை வரவேணும். ரொறன்ரோவிலை உள்ள இலங்கைத் தூதரகக் கிளையிலை நேரம் எடுத்துப் போய்க் கையெழுத்து வைச்சு உறுதிப்படுத்தினால் அலுவல் சுகம். பிறகு பதிவாளர் நாயகம் திணைக்களத்திலை பதியவேணும். பதியாத தத்துவத்தை வைச்சு நொத்தாரிசு உறுதி எழுதமாட்டார்.

வாசகம் சரியில்லாமல் திரும்பி வாறதுதான் கூட. "என்ரை சொத்துக்களைப் பராமரிக்க" எண்டு மட்டும் எழுதியிருந்தால் விற்கிற அதிகாரம் அதிலை இல்லை. விற்க, உடன்படிக்கையிலை கையொப்பமிட, காசைப் பெற்றுக்கொள்ள எண்டு தனித்தனியாச் சொல்லியிருக்கவேணும். காணியின்ரை பேர், பரப்பு, நாலு எல்லை, உறுதி இலக்கம் அட்டவணையிலை இருக்கவேணும். பேரும் பாருங்கோ: பிறப்புச் சான்றிதழிலை ஒரு மாதிரியும், கனடாக் கடவுச்சீட்டிலை கலியாணத்துக்குப் பிந்தின பேரும் இருந்தால், ரெண்டும் ஒரே ஆள் எண்ட சத்தியக்கடதாசியையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கோ. இல்லாட்டி எல்லாம் வந்த பிறகு இதுக்காக இன்னொருக்கா காத்திருக்க வரும்.

விற்கிறவை தாங்களாச் செய்வினம் எண்டு இருக்காமல், உங்கடை நொத்தாரிசைக் கொண்டு தத்துவத்தின்ரை வாசகத்தை எழுதுவிச்சு தங்கச்சிக்கு நேரை மின்னஞ்சலிலை அனுப்புங்கோ. அதுக்கு ஆகிற செலவு தாமதத்தோடை பாக்கேக்கை ஒண்டுமில்லை. அதோடை, விற்க அவவுக்கு உண்மையிலை விருப்பமோ எண்டதும் அந்த ஒரு மின்னஞ்சலிலை தெரிஞ்சுபோகும்.

இன்னொரு கையெழுத்தை எல்லாரும் மறக்கிறவை. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின்ரை வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட கலியாணமான பெண் தன்ரை அசையாச் சொத்தை விற்கிறதெண்டால் புருசனின்ரை எழுத்துமூலச் சம்மதம் வேணும். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அது. புருசன் பிரிஞ்சு இருந்தால், அல்லது சம்மதம் தராட்டி, மாவட்ட நீதிமன்றத்திலை அனுமதி எடுக்கவேணும். உங்கடை தாமதம் உண்மையிலை இஞ்சைதான் நிக்குதோ தெரியாது. குடும்ப விசயம் எண்டதாலை வாய் திறந்து சொல்லமாட்டினம், சேவையரிலை பழியைப் போடுவினம். மெதுவாக் கேட்டுப் பாருங்கோ.

கோண்டாவில்_வடக்கு:

விபரமாச் சொன்னதுக்கு நன்றி. முற்பணம் குடுக்கேக்கை தரகர் ஒரு கடதாசி எழுதினவர். முத்திரை ஒட்டி அதுக்கு மேலை தமையன் மட்டும் கையெழுத்து வைச்சவர். நொத்தாரிசிட்டைப் போகேல்லை. அதைக் காட்டி வழக்குப் போட்டு வீட்டை எழுதுவிக்கேலாதோ? இன்னொண்டு, தங்கச்சியின்ரை தத்துவம் வர முதல் தமையனின்ரை அரைப் பங்கை இப்பவே எழுதலாம் எண்டும் தரகர் சொல்லுறார்.

தோம்புக்காரன்:

ஏலாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனையும் சரி, விற்கிறதுக்கான உடன்படிக்கையும் சரி, நொத்தாரிசுக்கும் ரெண்டு சாட்சியளுக்கும் முன்னாலை எழுத்திலை கையொப்பமிட்டிருக்கவேணும். முத்திரை ஒட்டின கடதாசி காசு குடுத்ததுக்குச் சாட்சி, அவ்வளவுதான். குடுத்ததைத் திரும்பக் கேக்கலாம், வீட்டை எழுதித் தாவெண்டு கேக்கேலாது. வாட்ஸப் செய்தியும் அதே கணக்குத்தான், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் அசையாச் சொத்து விற்பனையை விலக்கித்தான் வைச்சிருக்கு. ஆனா செய்தியளை அழிக்காதேங்கோ, எப்ப என்ன சொன்னவை எண்டதுக்கு உதவும்.

அரைப் பங்கை வாங்கிற யோசனையை இண்டைக்கே விடுங்கோ. பிரியாத பங்கை வாங்கினால் நீங்கள் கனடாத் தங்கச்சியோடை கூட்டுரிமைக்காரர் ஆவியள். தேசவழமை முன்வாங்கல் உரிமை பற்றின 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி, தமையன் தன்ரை பங்கை வெளி ஆளுக்கு விற்கேக்கை முந்தி வாங்கிற உரிமை தங்கச்சிக்கு இருக்கு. முறைப்படி அறிவித்தல் குடாமல் எழுதினால் அவ பிறகு வழக்குக்கு வரலாம். பிரியாத பங்குக்கு வங்கியள் பொதுவாக் கடன் தாறேல்லை. பிரிக்கிறதெண்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டப்படி வழக்கு, அது வருசக்கணக்கு. ரெண்டு பேரும் ஒரே உறுதியிலை கையெழுத்து வைக்கிறதாயிருந்தால் மட்டும் வாங்குங்கோ.

இப்ப செய்யவேண்டியது இதுதான். நொத்தாரிசு முன்னிலையிலை புது விற்பனை உடன்படிக்கை எழுதுங்கோ. தமையனும் தங்கச்சியும், அல்லது அவவின்ரை பதிஞ்ச தத்துவக்காரரும், அதிலை இருக்கவேணும். ஏற்கெனவே குடுத்த காசை அதிலை முற்பணமாக் காட்டுங்கோ. "விரைவிலை" எண்ட சொல்லே வரக்கூடாது. இன்ன திகதிக்குள்ளை தத்துவம் பதிஞ்சு பிரதி தரவேணும், இன்ன திகதிக்குள்ளை பிளான், இன்ன திகதியிலை வெற்று உடைமையோடை (ஆளில்லாமல் வீட்டை ஒப்படைச்சு) அறுதி உறுதி (முழு விற்பனைப் பத்திரம்). தவறினால் வாங்கிறவருக்கு ரெண்டு வழி: ஒண்டு, உறுதியை எழுதித் தரும்படி நீதிமன்றத்திலை கேக்கிறது, இல்லாட்டி முற்பணத்தோடை பேசின நட்டஈட்டையும் 14 நாளுக்குள்ளை திரும்ப எடுக்கிறது. எதைத் தெரிவு செய்யிறதெண்டது உங்கடை கையிலை இருக்கவேணும்.

எழுதினதைக் கட்டாயம் காணிப் பதிவகத்திலை பதிவியுங்கோ. பதியாமல் பெட்டிக்கை வைச்சிருந்தால், உங்களுக்குப் பிறகு ஒருத்தர் நல்ல விலைக்கு வாங்கி முதலிலை பதிஞ்சால் முன்னுரிமை அவருக்குத்தான். ஆவணங்களைப் பதியிறது பற்றின 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அது. பிறகு நாள் நீடிக்கிறதெண்டாலும் அதையும் நொத்தாரிசு முன்னிலையிலைதான் எழுதவேணும்.

கடன்_பிரிவு:

வங்கிப் பக்கத்தை மட்டும் சொல்லுறன். ஒப்புதல் முடிஞ்ச பிறகு போனால் புது விண்ணப்பமாத்தான் எடுப்பினம், வட்டியும் அண்டைய வட்டிதான். முடிய முதலே நீடிப்புக் கடிதம் குடுங்கோ. காரணம் எழுதி, நொத்தாரிசின்ரை கடிதத்தையும் இணையுங்கோ. சம்பளச் சிட்டையும் மதிப்பீட்டு அறிக்கையும் புதுசாக் கேக்கலாம், மதிப்பீட்டுக் கூலியை ஆர் கட்டுறதெண்டும் புது உடன்படிக்கையிலை ஒரு வரி போடுங்கோ.

பழைய கல்வீடு எண்டியள். கட்டட அனுமதிப் படம், வீதி எல்லைச் சான்றிதழ், காணி சுவீகரிக்கப்படேல்லை எண்ட சான்றிதழ், சோலை வரிப் பதிவு இவ்வளவையும் உள்ளூராட்சிச் சபையிலை எடுக்கவேணும். தத்துவம் வாற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, தமையனிட்டை ஒரு சம்மதக் கடிதம் வாங்கி இப்பவே விண்ணப்பியுங்கோ. ஒண்டு முடிய ஒண்டு எண்டு செய்தால் இன்னும் ரெண்டு மூண்டு மாதம் போகும். விற்கிறவைக்கு வேறை வங்கியிலை ஈடு இருந்தால் மிச்சக் காசை அவையின்ரை கையிலை குடாமல், உங்கடை வங்கி அந்த வங்கியின்ரை பேருக்கே காசோலை எழுதி, ஈடு விடுவிப்பு, அறுதி, உங்கடை புது ஈடு மூண்டையும் ஒரே நாளிலை முடிக்கிறது வழமை.

மானிப்பாய்_வீதி:

தோம்புக்காரன் சொன்னதோடை ஒத்துப்போறன், ஒரு இடத்திலை மட்டும் மாறுறன். புது உடன்படிக்கைக்கு அவை வரமாட்டம் எண்டால் கெஞ்சிக்கொண்டு நிக்காதேங்கோ. அந்த மறுப்புத்தான் உங்களுக்கு வந்த பதில். சட்டத்தரணியைக் கொண்டு தமையனுக்கும் தங்கச்சிக்கும் பதிவுத் தபாலிலை கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கோ: குடுத்த தொகை, திகதி, பேசின விலை, மிச்சக் காசு ஆயத்தமா இருக்கெண்ட விசயம், 14 நாள் தவணை. தரகருக்கு அனுப்பிறதாலை பிரயோசனம் இல்லை, அவர் இதிலை கட்சிக்காரர் இல்லை. காசைத் திரும்ப எடுக்கிற வழக்குக்கும் காலவரையறை இருக்கு. எழுத்து உடன்படிக்கைக்கு 6 வருசம், எழுத்தில்லாததுக்கு 3 வருசம். உங்கடை கடதாசிக்கு 3 எண்டே கணக்கு வையுங்கோ.

வீடு கிடைக்கிற மாதிரி வந்தாலும் உறுதி முடிய முதல் திறப்பை வாங்கிக் குடிபோகவோ, கிணறு இறைச்சு வெள்ளை அடிக்கவோ வேண்டாம். போட்ட காசு உங்களைத்தான் கட்டிப்போடும். முத்திரைத் தீர்வையையும் இப்பவே ஒதுக்கி வையுங்கோ: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 2 கோடி மதிப்பெண்டால் 7 இலட்சத்து 99 ஆயிரம். நீங்கள் பேசின விலையிலை இல்லை, மதிப்பீட்டிலை. தாமதத்துக்குள்ளை மதிப்பு ஏறினால் இதுவும் ஏறும்.

கையெழுத்து வைக்கிற நாள் காலமை தோம்பை இன்னொருக்காப் பாருங்கோ. தத்துவம் குடுத்தவ உயிரோடை இருக்கிறா, அதை ரத்துச் செய்யேல்லை எண்டதை அண்டைக்கே ஒரு வீடியோ அழைப்பிலை கேளுங்கோ. குடுத்தவ இறந்தால் தத்துவமும் அதோடை செத்துப்போகும். நொத்தாரிசு உறுதியின்ரை இணைப்பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள்ளை பதிவகத்துக்கு அனுப்பவேணும். உங்கடை மூல உறுதியைப் பதியிறதுக்கு அது வரைக்கும் இருக்காமல், அண்டைக்கோ அடுத்த நாளோ குடுப்பிச்சு நாட்புத்தக இலக்கத்தை (பதிவுக்குக் குடுத்ததுக்குப் பதிவகம் போடுற இலக்கத்தை) வாங்கி வையுங்கோ.