மறு: 'தெர்வார்' என்பதற்குத் தமிழ்ச்சொல்: நிலவாகு?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரு தோட்டத்தின் மண்ணும் காற்றும் வெயிலும் சேர்ந்து வைனுக்குத் தரும் தனித்தன்மையைப் பிரெஞ்சில் 'தெர்வார்' (terroir) என்பார்கள். அதற்கு 'நிலவாகு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதைப் பற்றி எழுந்த இரண்டு கேள்விகளுக்கு இது பதில்.

> 'திணை' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

திணை எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அது வகையைச் சொல்வது. முல்லை எங்கே இருந்தாலும் முல்லை. பிரெஞ்சு வைன்காரர் தெர்வார் என்னும்போது இந்தச் சரிவு, இந்த மேடு என்று ஒரே ஓர் இடத்தைச் சுட்டுகிறார். பக்கத்துத் தோட்டத்துக்கு அது பொருந்தாமலே போகலாம்.

சொற்களை அந்தரத்தில் நிறுத்திப் பேசாமல் ஒரு பண்ணையை வைத்துச் சோதிப்போம். பிரான்சின் தெற்கு ரோன் பள்ளத்தாக்கில், ஷாத்தோநஃப்-து-பாப் என்ற வைன் பகுதியின் வடகிழக்கு ஓரத்தில், கூர்தேசோன் ஊர்ப்பக்கம் இருக்கிறது ஷாத்தோ த போகாஸ்தெல் என்ற திராட்சைப் பண்ணை. 1909-இல் பியேர் திராமியே வாங்கினார்; அவருக்குப் பின் மருமகன் பியேர் பெரானிடம் வந்தது. இன்றும் பெரான் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அங்கே கொடியின் காலடியில் பல இடங்களில் மண்ணே கண்ணில் படாது. ரோன் ஆறு ஒரு காலத்தில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்ட வழவழப்பான கற்கள், ஒரு கைக்குள் அடங்காத பருமனில், பரவிக் கிடக்கும். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுப்பவை அவை. அப்புறம் வடக்கிலிருந்து அடிக்கும் மிஸ்த்ரால் காற்று: மழை பெய்த மறுநாளே இலையையும் குலையையும் உலர்த்திவிடும், பூஞ்சணம் பிடிப்பது குறையும்.

இதை 'மண்வளம்' என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். வளமான மண்ணில் திராட்சைக்கொடி இலையும் தழையுமாகக் கொழுத்து, பழத்தைக் கோட்டை விட்டுவிடும். கல்லும் வறட்சியும்தான் அங்கே பலம். 'மண்வாசனை' கட்டுரைக்கு அழகு, கலைச்சொல்லுக்கு ஆகாது. போதாக்குறைக்கு, வைனில் மண் வாடை அடிக்கிறதோ என்று வாசகர் நினைத்துவிடுவார். மிச்சம் இருப்பது நம் விவசாயிகள் வாயில் புழங்கும் 'மண்வாகு'. மிக நெருக்கமான சொல், ஆனால் மிஸ்த்ரால் அதற்குள் வராது. அதனால்தான் 'நிலவாகு' என்கிறேன். நிலம் என்றால் மண்ணோடு கல்லும் சரிவும் வெயிலும் காற்றும் அடங்கும்.

> மனிதக் கைவண்ணமும் தெர்வாரில் சேர்த்திதானே?

சேர்த்திதான், ஆனால் எவ்வளவு? சர்வதேசத் திராட்சை, வைன் அமைப்பு 2010-இல் தந்த வரையறை ஒரு வட்டாரத்தின் கூட்டறிவைச் சேர்த்துக்கொள்கிறது. ஷாத்தோநஃபில் ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர் (3,500 லிட்டர்) விளைச்சல் என்ற அடிப்படை உச்சவரம்பும், எந்திரமில்லாமல் கையால் பறிக்க வேண்டும் என்ற விதியும் அந்த வகை. ஆனால் போகாஸ்தெலில் காம்பு நீக்கிய பழத்தின் தோலைச் சிறிது நேரம் 80 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, உடனே குளிரவைப்பார்கள். ஷாத்தோநஃபில் மரபாக அனுமதிக்கப்பட்ட 13 திராட்சை வகைகளையும் விடாமல் பயிரிடுகிறார்கள். அக்கம்பக்கத்தில் க்ரெனாஷ் என்ற வகை கோலோச்ச, இவர்கள் சிவப்பு வைனில் மூர்வேத்ர் என்ற வகைக்கும் அதற்குச் சமமான இடம் கொடுக்கிறார்கள். இவை அந்த வீட்டாரின் வழக்கம், நிலத்தின் கணக்கில் எழுத முடியாது. இதற்கு 'மனைவழக்கு' என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம்.

வட்டாரக் கூட்டறிவு மட்டும் நிலவாகுக்குள் வரட்டும். 'வாகு' அதற்கும் இடம் கொடுக்கிறது. உடல்வாகு என்றால் இயல்பு. 'வாகாகப் பிடி' என்றால் இடத்துக்கு ஏற்ற கைப்பழக்கம். வேறு எந்தச் சொல்லிலும் இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கவில்லை.

திணைக்காரர்களுக்கு ஒரு புள்ளி தந்துவிடுகிறேன். 1923-இல் பாரோன் ல ருவா என்ற திராட்சைப் பண்ணையாளர் தலைமையில் ஷாத்தோநஃபுக்கு விதி எழுதியபோது, லாவெண்டர், தைம் என்ற மணச்செடிகள் சேர்ந்து வளரும் நிலம் என்பதை ஓர் அடையாளமாக வைத்தார்கள். செடியை வைத்து நிலத்தை அறிவது, நம் திணையின் கருப்பொருள் மாதிரியேதான்! ஆனாலும் அது எல்லை போடும் வேலை. அதே பெரான் குடும்பத்தின் கூதுலே தோட்டம் ஏ7 நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. மண்ணும் கல்லும் ஏறக்குறைய இந்தப்பக்கம் மாதிரியே. ஆனால் புட்டியில் ஷாத்தோநஃப் என்று போட முடியாது, 'கோத் து ரோன்' என்ற பரந்த வட்டாரப் பெயரைத்தான் போட முடியும், விலையும் நன்றாகவே குறைவு. ஆக, சட்டம் தரும் பெயருரிமை வேறு, நிலவாகு வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

வைனுக்கே 'தேறல்' என்று எழுதலாமா என்ற கேள்வியைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். யவனர் தந்த தண்கமழ் தேறல் புறநானூற்றில் இருக்கிறது என்பதற்காக இன்றைய கடைப்புட்டியில் அதை ஒட்ட எனக்குத் தயக்கம் உண்டு.

இப்போதைக்கு, 'நிலவாகு' வேண்டாம் என்பவர்கள் தங்கள் சொல்லை வைத்து இந்த வாக்கியத்தை எழுதிக் காட்டுங்கள்: "ஒரே குடும்பம், ஒரே திராட்சை, ஒரே ஆண்டு, ஆனாலும் நிலவாகு மாறியதால் சுவை மாறியது."