மாணவர் நலத் துறை வேலைக்கு இரண்டு வருஷ முதுகலை: படிக்கலாமா, வேண்டாமா?

வைகைக்கரை:

வணக்கம். அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இளங்கலை முடிக்கப் போகிறேன். எஃப்-1 மாணவர் விசா. படிப்போடு விடுதியில் ஆர்.ஏ. வேலையும், அதாவது அங்கேயே தங்கி மற்ற மாணவர்களைக் கவனிக்கும் வேலையும், பார்க்கிறேன். முதல் செமஸ்டரில் பிள்ளைகள் தடுமாறுவதையும், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் நிமிர்ந்துவிடுவதையும் பார்த்துப் பார்த்து, இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது.

ஸ்டூடண்ட் அஃபேர்ஸ், அதாவது மாணவர் நலத் துறை முதுகலைக்கு இரண்டு இடங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பெயர் பெற்ற பல்கலைக்கழகம், ஆனால் பண உதவி இல்லை. இன்னொன்றுக்கு அவ்வளவு பெயர் இல்லை. ஆனால் அங்கே விடுதி அலுவலகத்தில் வாரம் 20 மணி நேர அசிஸ்டண்ட்ஷிப் (படித்துக்கொண்டே பார்க்கும் பகுதி நேர வேலை), கட்டணத் தள்ளுபடி, தங்க வீடு, மாதா மாதம் ஒரு தொகை. அப்பா, "வார்டன் வேலைக்கு மாஸ்டர்ஸா? டேட்டா சயின்ஸ் படி" என்கிறார். ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள், இருந்து விலகியவர்கள், எல்லாரும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

நெல்லை டாலஸ்:

நான் உங்கள் அப்பா பக்கம். வேலை மட்டமானது என்பதால் அல்ல, விசாக் கணக்கு உதைக்கிறது.

இந்தப் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. முடித்தால் 12 மாத ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி, அதோடு சரி. டேட்டா சயின்ஸ் என்றால் அதற்கு மேல் இன்னும் 24 மாதம் கிடைக்கும். அந்த ஒரே வருஷத்துக்குள் வேலை தேடி, அதிலும் எச்-1பி வேலை விசா போடச் சம்மதிக்கிற அலுவலகமாகப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது சம்பளம். இந்தப் பட்டத்தோடு வெளியே வருபவர்களில் நிறையப் பேருக்கு முதல் வேலை ஹால் டைரக்டர், அதாவது விடுதிக் கட்டடப் பொறுப்பாளர். அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும், ராத்திரி போன் வந்தால் எழுந்து போக வேண்டும், ஓவர்டைம் பொதுவாகக் கிடையாது. ஓவர்டைம் தராமல் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டுமானால் வருஷத்துக்குக் குறைந்தது 43,888 டாலராவது கொடு என்று 2024 ஜூலையில் மத்திய அரசு வரம்பை உயர்த்தியது. நவம்பரில் டெக்சாஸில் ஒரு நீதிமன்றம் அதை ரத்து செய்ய, வரம்பு பழையபடி 35,568க்கே வந்துவிட்டது. இந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் முதலில் பதறுவது பல்கலைக்கழகங்களின் விடுதி அலுவலகங்கள் மாதிரியான இடங்கள்தான். சம்பளம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது அதிலேயே தெரியும்.

கடைசியாக அரசியல். எங்கள் டெக்சாஸ் மாநிலத்தில் எஸ்.பி. 17 சட்டம் 2024 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூடிவிட்டார்கள். ஆஸ்டினில் பலருக்கு வேலை போனது. அவர்களில் இந்தப் பட்டம் படித்தவர்களும் உண்டு. படித்து முடிப்பதற்குள் சட்டம் போட்டு ஒரு பிரிவையே எடுத்துவிடக்கூடிய துறை இது. விசாவில் இருப்பவர் இதில் தலையைக் கொடுக்கலாமா?

பனிப்பிரதேசம்:

நெல்லை அண்ணா சொன்னதில் பாதி சரி, பாதியில் விவரம் விட்டுப்போயிருக்கிறது. நான் மாணவர் ஒழுங்கு விசாரணை அலுவலகத்தில் இருக்கிறேன். இதே பட்டம்தான், நானும் எஃப்-1இல் வந்தவள்தான்.

வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்ற எச்-1பி உச்சவரம்பு பல்கலைக்கழகங்களுக்குக் கிடையாது. கம்பெனிக்காரர்கள் குலுக்கலில் பெயர் வருமா என்று காத்திருக்கிறார்கள். எங்களுக்குக் குலுக்கலே இல்லை, எந்த மாதத்திலும் விண்ணப்பிக்கலாம். அது மட்டுமல்ல, அந்த வேலைக்குக் குறிப்பிட்ட துறையில் பட்டம் தேவை என்று காட்டினால்தான் எச்-1பி நிற்கும். "ஏதாவது ஒரு பட்டம் போதும்" என்று விளம்பரம் போட்ட வேலைக்கு அது கஷ்டம். இந்தத் துறையில் முதுகலை கேட்பதை நிறையப் பேர் திட்டுகிறார்கள். விசாவில் இருக்கிறவளுக்கு அதுதான் கை கொடுக்கிறது.

சரி, படிப்புக்கு வருகிறேன். ஆர்.ஏ.வாக இருந்தபோது தெரிந்ததை வைத்தே இதைச் செய்துவிடலாமே என்று தோன்றும். நான் விடுதியில் இருந்தபோது ராத்திரி ஒன்றரைக்கு டூட்டி போன் அடித்தது. வேறு மாநிலத்திலிருந்து ஓர் அம்மா. மகன் மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை, அவன் வகுப்புக்குப் போகிறானா, யாரோடு இருக்கிறான், உடனே சொல் என்று அழுகிறார். பையனுக்கு 18 வயது முடிந்துவிட்டது. மாணவர் பதிவேடுகளின் ரகசியம் காக்கும் ஃபெர்பா சட்டப்படி அவன் பதிவேட்டில் இருப்பதை அவன் சம்மதம் இல்லாமல் பொதுவாக நான் சொல்லக்கூடாது. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. இது அந்த விலக்குக்குள் வருமா? கதவைத் தட்டப் போகும்போது யாரைக் கூட்டிப் போவது? அவன் கதவைத் திறந்து, "அம்மாவிடம் எதுவும் சொல்லாதீர்கள்" என்றால் அந்த அம்மாவிடம் திரும்ப என்ன சொல்வது? அழுகிற தாயைப் போனில் வைத்துக்கொண்டு, இத்தனையையும் நிமிஷத்தில் யோசிக்க வேண்டும். மனசு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அன்றைக்கு என்னைத் தாங்கியது படிப்பு.

இப்போதைய வேலையில் இன்னும் அதிகம். 1960இல் அலபாமாவில் கறுப்பின மாணவர்கள் உணவுக் கூடத்தில் உட்கார்ந்து போராடினார்கள் என்பதற்காக அவர்களுடைய கல்லூரி விசாரணையே இல்லாமல் வெளியேற்றியது. 1961இல் டிக்சன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி என்றால் முன்கூட்டித் தெரிவித்து, பேச வாய்ப்புக் கொடுத்துவிட்டுத்தான் நீக்க முடியும் என்று சொன்னது. நான் அனுப்புகிற ஒவ்வொரு நோட்டீஸும் அந்தத் தீர்ப்பிலிருந்து வருகிறது. அது தெரியாதவர் கையில் ஒரு பிள்ளையின் படிப்பைக் கொடுக்கலாமா?

மூன்றாம் பெஞ்ச்:

இரண்டு பேரோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து, நெருக்கடியில் இருக்கிற மாணவர்களைக் கவனிக்கும் பிரிவில் கேஸ் மேனேஜராக இருக்கிறேன். பக்கத்து மேஜையில் ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் பட்டக்காரர். செய்வது ஒரே வேலை. எனக்கு மாநில உரிமம் இருக்கிறது. நாளைக்கே பல்கலைக்கழகம் வேண்டாம் என்றால் மருத்துவமனைக்குப் போவேன். அவர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே எங்கே போவார்? பனிப்பிரதேசம் சொன்ன ஃபெர்பாவும் டிக்சனும் ஒரு வாரப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கக் கூடியவை. அதற்கு இரண்டு வருஷம் வேண்டாம்.

மீதி நேரம் எதில் போகிறது? மாணவர் வளர்ச்சிக் கோட்பாடுகளில். அந்தக் கோட்பாட்டாளர்களில் ஒருவரான சிக்கரிங்கின் 1969 புத்தகம் காடார்ட் மாதிரியான சின்னக் கல்லூரிகளில் பார்த்ததை வைத்து எழுதியது. இன்னொருவரான பெர்ரி ஆராய்ந்தது பெரும்பாலும் ஹார்வர்ட் ஆண் மாணவர்களை. அப்பா அம்மாவைக் கேட்காமல் முடிவெடுப்பதை வளர்ச்சியின் படியாக வைக்கிற பாடம் அது. மேஜரை மாற்ற வீட்டுக்குப் போன் போட்டுப் பேசுகிற நம்ம ஊர்ப் பிள்ளையை இந்தச் சட்டகத்தில் வைத்தால் "இன்னும் வளரவில்லை" என்று வரும். ஓர் ஆலோசகர் ஒரு பெண்ணைப் பற்றி இப்படியே குறிப்பு எழுதியதைப் படித்திருக்கிறேன். அந்தப் பெண் குடும்பக் கடனைக் கணக்குப் போட்டு முடிவெடுத்தவள். அவளைவிட முதிர்ச்சியோடு யோசித்தவரை அந்த வருஷம் நான் பார்க்கவில்லை.

பனிப்பிரதேசம்:

அந்தக் குறிப்பை எழுதியவர் கோட்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார். சிக்கரிங்கும் ரைசரும் 1993இல் திருத்திய பதிப்பிலேயே அந்தப் படி "தன்னாட்சி வழியாகப் பரஸ்பரச் சார்புக்கு" என்று மாறிவிட்டது. நீங்கள் சொல்கிற விமர்சனமும் எங்கள் வகுப்பில் படித்ததுதான். எந்தக் கோட்பாடு யாரை வைத்து எழுதப்பட்டது என்று கேட்கப் பழகியதே அங்கேதான்.

உரிமம் பற்றிச் சொன்னது நியாயம். மனநல ஆலோசனைப் பக்கம் போக விருப்பம் என்றால் வைகைக்கரை எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாம். ஆனால் விடுதி, ஒழுங்கு, புதுமுக மாணவர் அறிமுகம், மாணவர் அமைப்புகள் என்று விரிகிற நிர்வாகத்துக்கு அது வழி அல்ல. 1937இல் அமெரிக்கக் கல்விக் கழகம் வெளியிட்ட அறிக்கை, மாணவரின் புத்தியை மட்டும் பார்க்காமல் முழு ஆளாகப் பாருங்கள் என்றது. அந்தப் பார்வையிலிருந்துதான் இந்தத் துறை வளர்ந்தது. நெருக்கடியில் இருப்பவரை மட்டும் பார்ப்பது அதில் ஒரு பகுதி.

கோவை வார்டன்:

அம்மணி, ஊருக்குத் திரும்புகிற எண்ணம் இருக்கிறதா என்று யாருமே கேட்கவில்லை. நான் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர், கூடவே விடுதி டெபுடி வார்டன். இந்தியாவில் இந்த வேலை பெரும்பாலும் இப்படித்தான், ஆசிரியர் தலையில் கூடுதல் பொறுப்பாக விழும். காலையில் தெர்மோடைனமிக்ஸ், ராத்திரி மெஸ் தகராறு. இதற்கென்று யாரும் எனக்குப் பயிற்சி கொடுத்ததில்லை. ஐ.ஐ.டி.யிலும் மாணவர் டீன் என்றால் பேராசிரியர்தான். அந்தப் பட்டத்தோடு நீங்கள் வந்தால் எந்தப் பதவியில் வைப்பது என்றுகூட எங்கள் நிர்வாகத்துக்குத் தெரியாது.

ஆனால் மாற்றம் தெரிகிறது. மாணவர் தற்கொலைகளைப் பற்றி ஆராய 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. ஜூலையில் இன்னொரு வழக்கில், 100 பேரோ அதற்கு மேலோ படிக்கிற நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைக்க வேண்டும் என்று சொன்னது. அசோகா, கிரியா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் மாணவர் வாழ்க்கைக்குத் தனி அலுவலகமே இருக்கிறது. அப்பா "வார்டன் வேலைக்கா" என்று கேட்டதில் தப்பில்லை. அவர் பார்த்த வார்டன் எங்களைப் போன்றவர்கள். படித்த ஆள் ஒருவர் வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு நல்லது என்று எனக்குத் தெரியும். சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மூன்றாம் பெஞ்ச்:

சார், அந்தத் தீர்ப்பு கேட்கிற ஆட்களைப் பாருங்கள்: ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர். ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் பட்டம் அந்த வரிசையில் இல்லையே.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. திரும்பி வருவதை இப்போதே முடிவு செய்யவில்லை சார். ஒரு சந்தேகம். என் உயிரியல் பட்டம் ஸ்டெம். முன்னால் வாங்கிய ஸ்டெம் பட்டத்தை வைத்து 24 மாத நீட்டிப்பு வாங்கலாம் என்று ஒரு சீனியர் சொல்கிறார். உண்மையா?

நெல்லை டாலஸ்:

விதியில் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு உதவாது. பார்க்கிற வேலை அந்த ஸ்டெம் பட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். விடுதி நடத்துவதற்கும் உயிரியலுக்கும் தொடர்பு என்று எந்த அலுவலகமும் எழுதித் தராது.

உச்சவரம்பு இல்லை என்று பனிப்பிரதேசம் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2025 செப்டம்பரில் புதிய எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்தார்களே? அதிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு இல்லை.

பனிப்பிரதேசம்:

அக்டோபரில் குடிவரவுத் துறை விளக்கம் கொடுத்தது, அண்ணா. நாட்டுக்குள் இருந்தபடியே எஃப்-1இலிருந்து எச்-1பிக்கு மாறுகிறவர்களுக்கு அந்தத் தொகை இல்லை. உள்ளே இருந்தே படித்து, உள்ளே இருந்தே மாறுகிற வைகைக்கரைக்கு அது பொருந்தும். விண்ணப்பம் நடக்கும்போது ஊருக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

பெயர் பெற்ற இடம், பெயர் இல்லாத இடம் என்ற கேள்விக்கு என் பதில் இது: பணம் தராத இடத்துக்குப் போகாதீர்கள். இந்தத் துறையில் வேலை கொடுப்பவர் முதலில் பார்ப்பது எங்கே அசிஸ்டண்ட்ஷிப் செய்தீர்கள் என்பதைத்தான். இந்தப் படிப்புகளுக்கான கேஸ் (CAS) தரநிலை குறைந்தது 300 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி கேட்கிறது. வாரம் 20 மணி நேரம் இரண்டு வருஷம் என்றால் அதைப் பல மடங்கு தாண்டிவிடுவீர்கள். அதோடு விடுதியிலேயே தேங்கிவிடாமல், பிராக்டிகம் என்ற களப் பயிற்சியை ஒழுங்கு அலுவலகத்திலோ கல்வி ஆலோசனைப் பிரிவிலோ கேட்டு வாங்குங்கள்.

நெல்லை டாலஸ்:

கடன் வாங்கிப் படிக்காதே என்பதில் அவரோடு நானும் ஒன்று. மத்திய அரசின் கடன் தள்ளுபடித் திட்டம் இந்த நாட்டு மாணவர்களுக்கான கடனுக்குத்தான், நமக்கு இல்லை. ஆனால் அசிஸ்டண்ட்ஷிப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. செமஸ்டர் நடக்கும்போது எஃப்-1இல் வளாகத்துக்குள் வாரம் 20 மணிதான் வேலை செய்யலாம். டூட்டி ராத்திரிகள், ஆகஸ்ட் மாதம் விடுதி திறக்கிற வாரம் எல்லாம் அந்த 20க்குள் வருமா? மேலதிகாரி, "இந்த ஒரு வாரம் கொஞ்சம் பாருங்கள்" என்பார். அவருக்கு அது சாதாரணம், மாட்டிக்கொள்வது உங்கள் விசா.

வைகைக்கரை:

அந்தக் கேள்வியை இன்று காலை மின்னஞ்சலில் கேட்டுவிட்டேன் அண்ணா. டூட்டி நேரம் 20க்குள் எப்படி எண்ணப்படுகிறது, போன மூன்று வருஷத்தில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள், இரண்டும் கேட்டிருக்கிறேன். பெயர் பெற்ற இடத்துக்கும் இரண்டாவது கேள்வியை அனுப்பினேன். அவர்கள் இணையதளத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். சின்ன இடத்தில் ஒருங்கிணைப்பாளரே போனில் அழைத்து, இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு நேபாளப் பெண்ணின் எண்ணை, அவர் சம்மதத்தோடு, கொடுத்தார். சனிக்கிழமை பேசப் போகிறேன்.

நெல்லை டாலஸ்:

நல்லது. அந்தப் பெண்ணிடம் ஒன்று தவறாமல் கேளுங்கள்: எந்தெந்தப் பல்கலைக்கழகங்கள் நேர்காணலில், "எச்-1பி போட மாட்டோம்" என்று முதலிலேயே சொன்னன? அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று இங்கே வந்து எழுதுங்கள். அதுவரை என் பதில் டேட்டா சயின்ஸ்தான்.