கிளிமஞ்சாரோ, மச்சாமே வழி: 6 நாளா 7 நாளா?

தென்காற்று கேட்டது:
ஜனவரி கடைசியில் தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைக்குப் போகத் திட்டம், மச்சாமே என்ற ஏறுபாதை வழியாக. 6 நாளே போதும் என்கிறார் ஏஜென்ட். 7 நாள் என்றால் பார்க் கட்டணம், முகாம் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் கூடும். இதுவரை ஏறியதெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையில், 2,700 மீட்டருக்குள்தான். தினமும் ஓடுவேன். அந்த ஒரு நாள் உண்மையிலேயே தேவையா? உயர நோய் வராமல் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை போட வேண்டுமா? உச்சி ஏறும் இரவில் குடிக்கிற தண்ணீரே உறைந்துபோகும் என்கிறார்களே, அதற்கு என்ன வழி?

சரளைப்பாதை:
7 நாள்தான். இதில் யோசிக்க எதுவுமில்லை.

இரண்டு திட்டத்திலும் முதல் மூன்று நாள் ஒன்றேதான். 1,800 மீட்டரில் இருக்கும் நுழைவாயிலில் தொடங்கி மச்சாமே முகாம், ஷிரா முகாம், மூன்றாம் நாள் 4,600 மீட்டர் லாவா டவர் வரை ஏறி, ஏறக்குறைய 3,950 மீட்டரில் இருக்கும் பரான்கோ முகாமில் இறங்கித் தூங்குவது. வித்தியாசம் நாலாம் நாளில்தான் வருகிறது. 6 நாள் திட்டத்தில் பரான்கோ சுவர் என்கிற செங்குத்துப் பாறையும் ஏறி, கரங்கா பள்ளத்தாக்கும் இறங்கி ஏறி, அன்றைக்கே 4,670 மீட்டரில், உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபுவுக்குப் போகணும். சாயங்காலம் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுப் படுத்தால் இரவு 11 மணிக்கு எழுப்பிவிடுவார்கள். உடம்பு ஓய்ந்த நேரத்தில், மெல்லிய காற்றில், இன்னும் 1,200 மீட்டர் ஏற்றம்.

7 நாளில் கரங்காவிலேயே (சுமார் 4,000 மீட்டர்) ஒரு ராத்திரி. மறுநாள் மூணு நாலு மணி நேர நடை, மதியத்துக்குள் பராஃபு. மீதிப் பகல் முழுக்கப் படுக்கலாம், தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை.

தினம் ஓடுகிறவர் என்பதால் இன்னும் ஜாக்கிரதை. ஓட்டப் பயிற்சி காலுக்கு உதவும். உயரத்துக்கு உடம்பு பழகுவதற்கு உதவாது. கால் வலிமை இருப்பவர்தான் வேகமாக நடந்து தலைவலியோடு முகாமுக்கு வருவார். கைடுகள் 'போலே போலே' (சுவாஹிலியில் 'மெதுவா, மெதுவா') என்று சொல்லிக்கொண்டே இருப்பது சும்மா இல்லை. பேச்சு மூச்சு வாங்காமல் வரணும், அதுதான் வேகத்தின் அளவு. மூன்றாம் நாள் மழை தூறினால் லாவா டவரை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதையில் கூட்டிப்போகப் பார்ப்பார்கள். உடம்பு நன்றாக இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்த உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்கித் தூங்குவதுதான் உடம்பைப் பழக்கும்.

பனிக்காலணி:
உச்சி ஏறும் இரவு பற்றி. நள்ளிரவில் கிளம்புவதற்குக் காரணம் சூரிய உதயம் மட்டும் இல்லை. எரிமலை வாய் விளிம்பில் இருக்கும் ஸ்டெல்லா பாயின்டுக்குக் கீழே உள்ள எரிமலைச் சரளை ராத்திரி உறைந்து இறுகிக் கிடக்கும், கால் நிற்கும். வெயில் ஏறினால் இளகி, ரெண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். அதோடு, உச்சியைத் தொட்ட அன்றைக்கே 3,100 மீட்டர் ம்வேகா முகாம் வரை இறங்க வேண்டியிருக்கு.

பராஃபுவிலிருந்து ஸ்டெல்லாவுக்கு 6 மணி நேரம், அங்கிருந்து எரிமலை வாய் விளிம்போடு உஹுரு உச்சிக்கு (5,895) இன்னும் முக்கால் மணி, ஒரு மணி. குளிர் மைனஸ் 10 முதல் 20 வரை போகலாம், காற்று தனி.

தண்ணீர் 3 லிட்டர். குழாய் வைத்த தண்ணீர்ப் பையை நம்பவே கூடாது, முதலில் உறைவது குழாய்தான். அகல வாய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, கம்பளி சாக்ஸில் நுழைத்து, தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேல்பக்கம்தான் பிடிக்கும், அப்போது மூடிப் பக்கம் திறக்க வரும். பராஃபுவில் ஊற்று கிடையாது, போர்ட்டர்கள் கரங்காவிலிருந்து சுமந்து வருவது. முகம் கழுவி வீணாக்காதீர்கள்.

ஹெட்லாம்புக்கு மாற்று பேட்டரி, போன், ரெண்டும் உள்சட்டைப் பையில், உடம்பை ஒட்டி. கால் அளவை விட அரை சைஸ் பெரிய பூட்ஸ். ரெண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். டவுன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே கிளம்பினால் அரை மணியில் வியர்க்கும், அந்த ஈரம்தான் பிறகு குளிரும். நிற்கும்போது மட்டும் போடுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள்.

கல்உப்பு:
டயமாக்ஸ் (அசெட்டசோலமைடு) முன்னெச்சரிக்கைக்குப் பொதுவான அளவு 125 மி.கி., காலை ஒன்று மாலை ஒன்று, ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளே ஆரம்பிப்பது. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஊரிலேயே ரெண்டு நாள் போட்டுப் பாருங்கள். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா ருசி கெட்டுவிடும். இவை பயப்பட வேண்டியவை இல்லை. ராத்திரி தூக்கத்தில் மூச்சு கொஞ்சம் நின்று நின்று வருவதும் அந்த உயரத்தில் சகஜம். தூக்க மாத்திரை, மது ரெண்டும் கூடாது.

லேசான தலைவலி பாராசிட்டமாலில் அடங்கினால் போகலாம். அடங்காமல் வாந்தியும் சேர்ந்தால் அன்றைக்கு மேலே ஏறக்கூடாது. ஒரு காலின் குதிகாலை மற்றதன் விரல் நுனியில் ஒட்டி நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், இவை நுரையீரலில் நீர் கோர்ப்பதன் அறிகுறி. ரெண்டுக்கும் வைத்தியம் இறங்குவதுதான், அந்த நிமிடமே, நடு ராத்திரியானாலும். கைடு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்ப்பது) காட்டும் அளவை மட்டும் நம்பாதீர்கள், குளிர்ந்த விரலில் தப்பாகக் காட்டும்.

தென்காற்று:
நன்றி, 7 நாளே போடச் சொல்லிவிட்டேன். அடிஸ் அபாபா வழியாக டிக்கெட். மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டுமா?

சரளைப்பாதை:
எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடு. அதனால் அடிஸ் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தான்சானியாவில் சான்றிதழ் கேட்பார்கள். அதற்குக் குறைவு என்றால் விதிப்படி தேவையில்லை, ஆனால் கவுன்டரில் வாக்குவாதம் நடக்கலாம். போட்டுவிடுவது நிம்மதி. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

பிளாஸ்டிக் கேரி பேக் 2019 முதல் தான்சானியாவில் தடை. துணிகளைத் துணிப்பையில் கட்டுங்கள்.

பனிக்காலணி:
ஒன்று விட்டுப்போச்சு. கிளம்பும் முன்பு கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். உச்சியிலிருந்து ம்வேகா வரை ஒரே நாளில் 2,800 மீட்டர் இறக்கம், விரல் நுனி பூட்ஸில் இடித்துக்கொண்டே வரும். இறங்கும்போது லேஸை மேல் கணுக்காலில் இறுக்கி, ஊன்றுகோலைக் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள்.