சர்ஃபேஸ் ஹோருக்கு ‘பூம்பனி’ சரியா வருமா?

ஐயா, சர்ஃபேஸ் ஹோருக்கு (surface hoar, பனித்தரை மேல ராத்திரில படியுற ஐஸ் தகடுங்க) தமிழ்ப் பேரா நீங்க சொன்ன ‘மேற்பரப்பு உறைபனி’ கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பேப்பர்ல ஸ்னோவையும் உறைபனின்னு எழுதுறாங்க, ஊட்டில ஜனவரில புல்லு மேல வெள்ளையா படியுறதும் உறைபனிதான், அப்போ நாம உறைபனி மேல உறைபனின்னு எழுதவேண்டி வரும். அதவிட இங்க எதுவுமே உறையல. மேகமில்லாத, காத்து அதிகமில்லாத ராத்திரில பனித்தரை சூட்ட வானத்துக்கு விட்டுட்டு மேல இருக்கற காத்தைவிட ஜில்லுனு ஆயிடுது, காத்துல இருக்கற நீராவி தண்ணியாவே ஆகாம நேரா ஐஸா படியுது. உறைங்கறத ரைம்ங்கற (rime) இன்னொரு வகைக்கு வெச்சுக்கலாம், அதுலதான் நிஜமாவே மேகத்துளி பட்டு உறையுது.

என் சாய்ஸ் பூம்பனி. சுவத்துல உப்பு பூத்திருக்குங்கறோம்ல, அந்த பூக்குறதுதான். ‘ராத்திரி பனி பூத்திருக்கு’ன்னு வினையாவும் புழங்கலாம்.

பூன்னா பனிச்சரிவு ஆபத்து தெரியாதேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயம்தான், ஆனா பொருளே அப்படித்தானே. அடி குறுகி மேல அகலமான மெல்லிசு தகடுங்க, பழைய பனில அடிய மட்டும் ஊனி நிக்கும். வெயிலோ பலத்த காத்தோ அழிக்கறதுக்குள்ள புதுப்பனி மூடிட்டா வந்தது வினை. நேரா அமுக்குற பாரத்த ஓரளவு தாங்கும், சரிவுல பக்கவாட்டு இழுப்புக்கு நிக்காது. ஸ்கீ போடுறவர் பாரத்துல ஒரு இடத்துல மடங்கினா போதும், மடங்கல் அடுக்கு முழுக்க ஓடி மேல இருக்கற பனி பாளமா கழண்டு இறங்கிடும். கனடால கொலம்பியா மலைகள்ல இது தீராத தலைவலி, புதைஞ்ச அடுக்கு வாரக்கணக்குல பலவீனமாவே கிடக்கும், புதைஞ்ச தேதியையே அடுக்குக்கு பேரா வெச்சு கண்காணிப்பாங்க.

அப்ப பனிக்கு அடியில உருவாகுற டெப்த் ஹோருக்கு (depth hoar) அடிப்பூம்பனி. சரிதானே ஐயா?

மறுமொழி:

தம்பி, பூம்பனி எனக்கு சம்மதம், அடிப்பூம்பனி வேண்டாம். டெப்த் ஹோர் வெளிக்காத்துலேர்ந்து வந்து பூக்குறது இல்ல. தரைல கிடக்கற பனிக்கு அடியில தரை பூஜ்ஜியம் டிகிரி பக்கத்துல இருக்கும், மேல கடுங்குளிர். பனி ஆழமில்லாம இருந்து 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தா உள்ள இருக்கற நீராவியே மேல ஏறி, இருக்கற துகளையே கிண்ணம் கிண்ணமா மாத்திடும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, கையில அள்ளினா உதிரும். அமெரிக்கால கொலராடோ பக்கம் இதுதான் பெரிய தொல்லை. உருவத்த வெச்சு ‘கிண்ணப்பனி’ன்னு போடுங்க. ரைமுக்கு தனி இழை தொடங்குங்க, இதுலயே போட்டா குழம்பிடும்.