குழம்பில் விழுந்த பல்லி

அப்பா கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் 22 வருஷம் கல் அறுத்தவர். காது அங்கேயே போய்விட்டது. வாங்கிக் கொடுத்த காது மிஷின் பெரும்பாலும் டிவி மேல்தான் இருக்கும். ஆனால் எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி பிடித்துக்கொள்வார்.

போன வாரம் சாப்பிடும்போது அம்மா, "குழம்புல மல்லி கொஞ்சம் கூட விழுந்துடுச்சு" என்றார். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "பல்லி விழுந்த குழம்பையா ஊத்தற?"

சிரித்து ஓய்ந்த பிறகு கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். பல்லி, மல்லி. உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரிகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: பல்லி தாராளமாக வருகிறது, மல்லி அடைத்துக்கொள்கிறது. 'ம'வுக்கு உள்நாக்குப் பக்கம் வழி திறந்து காற்று மூக்குக்குப் போகிறது. 'ப'வுக்கு அது மூடிக்கொள்கிறது. எதிரில் இருப்பவர் கண்ணுக்கு அது எங்கே தெரியும்? தொல்காப்பியரும் பகாரம், மகாரம் இரண்டும் இதழ் சேர்ந்து பிறப்பவை என்று ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார். அப்பா மேல் தப்பில்லை.

இதை எழுதிப் போட்டதும் இரண்டு பேர் பதில் எழுதினார்கள்.

பென்னாகரத்தான்: எங்கள் மாமா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். அருவிக்குக் கிட்டே போனால் கத்திப் பிரயோஜனமில்லை. நம் பக்கம் திரும்பி, சாதாரணமாகத்தான் பேசுவார், புரிந்துவிடும். முகத்தைத் திருப்பினால் வெறும் இரைச்சல்.

தர்மபுரி அக்கா: காது நன்றாக இருந்தாலும் கண் குறுக்கே வரும், தம்பி. 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 'பா' என்ற குரலை 'கா' சொல்லும் வாயோடு ஒட்டிக் காட்டினார்கள். (பாக்கியத்தில் வரும் பா, காந்தியில் வரும் கா.) பெரியவர்களில் 100க்கு 98 பேர் கேட்டதாகச் சொன்னது 'டா', டாக்டரில் வருவது. என் பையன் அதேபோல் ஒரு வீடியோவைப் போனில் காட்டினான். எனக்கும் டா. கண்ணை மூடினால் பா. திறந்தால் மறுபடி டா! சூட்சுமம் தெரிந்த பிறகும் மாறவில்லை. திரையைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார், "பான்னுதானே சொல்றான், உங்களுக்கெல்லாம் என்னாச்சு?" என்றார்.

சரி, எங்கள் வீட்டில் அம்மா இப்போது 'கொத்தமல்லி' என்று முழுசாகச் சொல்கிறார். அப்பா கரண்டியால் குழம்பை ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறார்.