‘சுட்டும் விழிச்சுடர்’ – விடுபட்ட பதிவுகளைச் சொல்லுங்கள்

நண்பர்களே, பாரதியின் ‘சுட்டும் விழிச்சுடர்’ வரியில் தொடங்கும் பாட்டுகளை எல்லாம் ஒரே பட்டியலில் சேர்க்கிறோம். சினிமாவில் இப்போது கையில் இருப்பவை இரண்டு. ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000), ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ஹரிஹரன் பாடியது. ‘கஜினி’ (2005), ஹாரிஸ் ஜெயராஜ் இசை. பாடியவர்கள் ஸ்ரீராம் பார்த்தசாரதி, பாம்பே ஜெயஸ்ரீ.

முதலாவதில் இருப்பது பாரதியின் கவிதையே. இரண்டாவதில் தொடக்கம் மட்டும்தான் பாரதி, மிச்சம் நா. முத்துக்குமார். அங்கே ‘சுடர்’ என்பது ‘சுடரே’ ஆகிவிடுகிறது. பாரதி ‘சூரிய சந்திரரோ?’ என்று வியந்து கேட்கிறார். முத்துக்குமாரின் ஏகாரம் அதை நேரே கூப்பிடும் விளியாக்கிவிடுகிறது. ஓர் எழுத்துதான், பாட்டின் முகமே மாறிப்போகிறது!

வேண்டிய உதவி: கச்சேரி மேடை, பரதநாட்டியம், வானொலி மெல்லிசை இவற்றில் இந்தக் கவிதை எங்கெல்லாம் வந்திருக்கிறது? மெட்டமைத்தவர், ராகம், ஆண்டு, எந்த அடிகளை விட்டிருக்கிறார்கள் என்ற நான்கும் வேண்டும். குறிப்பாக ‘பட்டுக் கருநீலப் புடவை’ அடி பாடப்படுகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

தேடும்போது ‘விழி சுடர்’, ‘விழிச் சுடர்’, ‘விழிச்சுடர்’ என மூன்று விதமாகவும் அடித்துப் பாருங்கள்; ஒற்று விட்டுப்போனாலே பல செயலிகளில் பாட்டு சிக்காது. ஆங்கில எழுத்தில் தேடினால் ழகரம் வேறு குழப்பும். பாட்டை அனுப்புவோர் கோப்பின் பெயரில் படத்தையோ பாடியவரையோ சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று பதிந்து பழையது அழிந்துவிடும்.