திருகோணமலையில் எங்களுக்கு ஆய்வு பழக்கிய மிஸ்: தெரிந்தவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்

உவர்மலை உறுப்பினர்:
பெயர் போட்டால் கோபிப்பார், அதனால் மிஸ் என்றே எழுதுகிறேன். வெப்பம் தாங்கும் நொதியங்களில் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்து, அங்கேயே ஒரு உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்தவர். அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்கு வந்தார், திரும்பிப் போகவில்லை. இப்போது சனிக்கிழமை காலையில் அவர் வீட்டு விறாந்தையில் செருப்பு விட இடம் இருக்காது. காசு வாங்குவதில்லை.

நாங்கள் இறுதியாண்டு ஆய்வுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைத் தெரிவு செய்திருந்தோம். அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றில் 1960களில் தோமஸ் புரொக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் கண்டெடுத்த பக்டீரியாவிலிருந்துதானே பீசீஆருக்கான (டீஎன்ஏத் துண்டைச் சூடாக்கி ஆற்றிப் பல கோடிப் பிரதிகளாக்கும் முறை), சூட்டில் கெடாத டாக் நொதியம் வந்தது! பீசீஆரை உருவாக்கிய கேரி மல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசே கிடைத்தது. நம்மூரில் ஏழு கிணறு சும்மா கிடக்கிறதே என்று நினைத்தோம்.

மிஸ் தாளை வாசித்துவிட்டு, "கன்னியாத் தண்ணி எத்தனை பாகை?" என்றார். 40ஐ ஒட்டி என்றோம். "யெலோஸ்டோன் பக்டீரியா 70இல வளருது. உங்கட உடம்பே 37. அப்ப என்னத்தைத் தேடப் போறீங்கள்?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. "சரி, நாள் முழுக்க அதில சனம் குளிக்குது. பக்டீரியா வளர்க்கிற தட்டில முளைக்கிறது ஊற்றில இருந்து வந்ததா, குளிச்ச ஆளின்ர தோலில இருந்து வந்ததா? எப்படிப் பிரிப்பீங்கள்?"

வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. கேள்வியை மட்டும் மாற்றினார். ஆட்கள் வருவதற்கு முன் விடியற்காலையில் ஒரு மாதிரி, பின்னேரம் ஒரு மாதிரி, ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து வளவுச் சாதாரணக் கிணற்றில் இருந்து இன்னொன்று. அனுமதிக் கடிதம் எழுதவும் அவரே பழக்கினார். ஆய்வைவிட அந்தக் கடிதத்துக்குத்தான் கூட நாள் பிடித்தது.

கிண்ணியா உறுப்பினர்:
என் கதை 2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத காலம், ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. நான் வேலை செய்த சிறிய ஆய்வுகூடத்தில் இறால் பண்ணைகளுக்கு வெண்புள்ளி வைரஸ் இருக்கிறதா என்று பீசீஆரில் பார்த்துக் கொடுப்போம். ஃப்ரீஸருக்குள் இருந்த சாமான் முழுக்க வெளிநாட்டில் இருந்து வந்தது. அந்த நேரம் டொலர் இருந்த இருப்பில், போனால் போனதுதான். இரவு மிஸ்ஸுக்கு அழைத்தேன்.

முதல் வார்த்தையே "ஃப்ரீஸரைத் திறக்காதே." அடுத்தது, "டாக்கை நினைச்சுப் பயப்படாதே. 95 பாகையைத் தாங்குற சாமான், ஒரு ராத்திரியில ஒன்றும் ஆகாது. டீஎன்ஏப் பிரதி கட்டுற மூலப்பொருள் இருக்கே, அந்த நியூக்கிளியோடைட்டுக் கரைசலைத்தான் பார்க்க வேணும். உருகி உருகி உறைஞ்சால் அதுதான் கெடும்."

பிறகு மீன் ஐஸ் வாங்கச் சொன்னார். ரெஜிபோம் பெட்டியில் மூன்று பங்கு நொறுக்கிய ஐஸ், ஒரு பங்கு கல்லுப்பு. புத்தகக் கணக்கில் அது பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை வரை இறங்கும், எங்கள் பெட்டி 15இல் நின்றது. மீன் வாடை தாங்க முடியவில்லை, அது வேறு கதை. கரைசலைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்தோம்.

கரண்ட் வந்த பிறகு அவர் சொன்னதுதான் இன்றைக்கும் என் வேலை முறை: "நோய் இருக்கு என்று தெரிஞ்ச மாதிரியை முதல்ல ஓட்டு. அதில நோயைக் காட்டுற கோடு விழாட்டில் ஒருத்தருக்கும் முடிவு சொல்லாதே." வெண்புள்ளி வந்தால் பத்து நாளுக்குள் குளமே காலியாகும். கெட்டுப்போன கரைசலை வைத்துக்கொண்டு 'நோய் இல்லை' என்று கடதாசி கொடுத்தால் அந்த மனிசன் எங்கே போய் நிற்பான்?

மூதூர் உறுப்பினர்:
எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். என் தம்பி பட்டம் முடித்த கையோடு வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனான். சிறு வயது முதல் அறிவியலில் ஆர்வம் என்று தொடங்கிய முதல் பந்தியை மிஸ் முழுவதுமாக வெட்டிவிட்டு, "ரெண்டு வருஷம் ஒரு ஆய்வுகூடத்தில கை பழகிட்டு வா, மகன்" என்றார். வீட்டில் பெரிய சண்டை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது நல்ல யோசனை, கடன் வாங்கிப் படித்தவனுக்கு இரண்டு வருடம் என்பது லேசான விஷயமா? தம்பி அவர் சொன்னபடியே கேட்டான், இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். எனக்குத்தான் இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

உவர்மலை உறுப்பினர்:
மூதூர் அக்கா, நியாயமான கேள்வி. இதை அவரிடமே கேளுங்கள், மறுத்துப் பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்கும். நேரே போகிற மற்றவர்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் தேத்தண்ணி தந்து அனுப்பிவிடுவார்.